பளபளப்புக்குப் பின்னால ஒரு பனை மரம்!

ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுக்கலாமா ஃப்ரெண்ட்ஸ்?

உங்க வீட்டு காரோட பானட் மேல ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க. கார் இல்லைன்னா கவலை வேணாம், பைக் டேங்க் போதும். தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுதா? சபாஷ்! சப்பையா பரவி, 'எழுந்திருக்கவே மாட்டேன்'னு படுத்துக்குதா? அப்ப வாங்க பாஸ், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

கார் ஆக்சஸரீஸ் கடைக்குள்ள நுழைஞ்சா, கண்ணாடி அலமாரியில தனியா ஒரு டப்பா உட்கார்ந்திருக்கும். தங்க நிற மூடி. மேல 'பிரீமியம் கார்னாபா வாக்ஸ்'னு ஸ்டைலா எழுதியிருக்கும். சில நூறு ரூபாய்ல ஆரம்பிச்சு பல ஆயிரம் வரைக்கும் விலை எகிறும். வெளிநாட்டுல ஆயிரம் டாலரைத் தாண்டுற டப்பாகூட உண்டு. நம்ம செமஸ்டர் ஃபீஸ்!

அப்படி என்னதான் இருக்கு அதுல? நிஜமாவே காசுக்கு மதிப்பு உண்டா? எப்படிப் பூசணும்? எல்லாம் சொல்றேன். அதுக்கு முன்னாடி, நான் அசடு வழிஞ்ச கதையைக் கேட்டுடுங்க.

அந்த மே மாச மதியம்...

அப்போ நான் டிகிரி மூணாவது வருஷம். எங்கப்பா 22 வருஷம் பஸ் பாஸ்லயே ஆபீஸ் போய் வந்தவர். சீட்டு எடுத்து, பி.எஃப்.ல கொஞ்சம் லோன் போட்டு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கினார். கருநீலக் கலர். தினமும் காலையில பேப்பர் படிக்கிறதுக்கு முன்னாடி, வாசல்ல போய் அதை ஒரு தடவை பார்த்துட்டு வருவார். ஓட்டினதைவிட பார்த்ததுதான் ஜாஸ்தி!

ஃப்ரெண்டோட அக்கா கல்யாணத்துக்கு அந்தக் காரைக் கேட்டேன். 'பார்த்து ஓட்டுப்பா'ன்னு ஒரே வார்த்தைதான், சாவியைக் கொடுத்துட்டார். கல்யாணத்துல நம்ம காரு தனியா தெரிய வேணாமா? டியூஷன் எடுத்து சேர்த்த காசுல அந்தத் தங்க மூடி டப்பாவை வாங்கினேன். மத்தியானம் 12 மணி வெயில். காரை நடுத் தெருவுல நிறுத்தினேன். மேல இருந்த தூசியை பழைய பனியன் துணியால சரக் சரக்குனு துடைச்சேன். தோசைக்கு நெய் விடுற மாதிரி வாக்ஸை அள்ளி அப்பினேன்.

பத்தே நிமிஷம்... வாக்ஸ் காஞ்சு கல்லாகிடுச்சு. துணியால தேய்ச்சா வரலை. இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். அரை மணி நேரம் ஆவேசமா தேய்ச்சு, ஒருவழியா பளபளன்னு ஆக்கிட்டேன். மாலர் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாச்சு!

கல்யாணம் முடிஞ்சு காரைத் திருப்பிக் கொண்டு வந்து விட்டப்ப ராத்திரி. தெரு விளக்கு வெளிச்சம் நேரா பானட் மேல விழுந்தது. அப்பதான் தெரிஞ்சது. வெளிச்சத்தைச் சுத்தி வட்டம் வட்டமா, சிலந்தி வலை மாதிரி, ஆயிரம் கீறல். அப்பா விரலை வெச்சு மெதுவா ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். 'நல்லா துடைச்சிருக்கப்பா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணின ராத்திரி அது.

அடுத்த நாளே கையில இருந்த காசை எடுத்துக்கிட்டு புதுப்பேட்டை பக்கம் ஓடினேன். அங்க பாலிஷ் போடுற ஒரு அண்ணன் காரைச் சுத்தி வந்து பார்த்துட்டுச் சிரிச்சார். 'தம்பி, இது வாக்ஸ் பண்ணின வேலை இல்ல. நீ கழுவாம துடைச்ச பாரு, அந்த மண்ணு பண்ணின வேலை. இந்த டப்பா மேல பழி போடாதே'ன்னார்.

அன்னிக்கு அவர்கிட்ட கேட்டதும், அப்புறம் தேடித் தேடிப் படிச்சதும்தான் இனி நீங்க படிக்கப் போறது.

இலையே போட்டுக்கிட்ட மேக்கப்!

கார்னாபாங்கறது ஒரு பனை. நம்ம பனைக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு சொல்லலாம். அதே விசிறி மாதிரி ஓலை, அதே நெடுநெடு உயரம். ஆனா இருக்கிறது பிரேசில் நாட்டோட வடகிழக்கு மூலையில. சியாரா, பியவி, ரியோ கிராண்டே டோ நோர்ட்டேங்கிற மாநிலங்கள்ல. நம்ம தமிழ்நாட்டுக்குப் பனை மாநில மரம்னா, சியாராவுக்கு கார்னாபாதான் மாநில மரம். தாவரவியல் பெயர் கோப்பர்னீசியா புரூனிஃபெரா. ஆமாங்க, சூரியனைத்தான் பூமி சுத்துதுன்னு சொன்ன அதே கோப்பர்னிகஸ் பேருதான்!

அந்த ஊரு பூமி வறண்ட பூமி. வருஷத்துல பல மாசம் மழையே இருக்காது. கொளுத்துற வெயில்ல ஓலைக்குள்ள இருக்கிற தண்ணி ஆவியாகாம இருக்கணுமே... அதுக்காக மரம் தன்னோட ஓலை மேல தானே மெழுகு பூசிக்குது. வெயிலுக்குப் போட்ட ரெயின்கோட்!

அங்க வெயில் காலத்துல, அதாவது வருஷத்தோட பின்பாதியில, நீளமான கழி நுனியில அரிவாள் கட்டி ஓலையை வெட்டுவாங்க. நம்ம ஊரு மாதிரி மரம் ஏற மாட்டாங்க, கீழ நின்னுதான். வெட்டின ஓலையைத் தரையில பரப்பி வெயில்ல காய வைப்பாங்க. காஞ்சதும் மேல இருக்கிற மெழுகு பொடிப் பொடியா உதிர ஆரம்பிக்கும். அதைத் தட்டி எடுக்கணும். காத்து அடிச்சா பொடி பறந்துடும்ங்கிறதால மூடின அறைக்குள்ள வெச்சுத் தட்டறது பழைய பழக்கம். இப்ப ஓலையை நறுக்கிப் பொடியைப் பிரிக்கிற மெஷின் வந்தாச்சு. ஒரு ஓலையில கிடைக்கிறது சில கிராம்தான். அந்தப் பொடியை உருக்கி வடிகட்டினா மெழுகு ரெடி. மரம் சாகிறதில்லை. மழை வந்ததும் புது ஓலை விட்டுடும்.

இதுலயும் ஜாதி உண்டு. விரியாத குருத்தோலையில இருந்து வர்றது வெளிர் மஞ்சள். அதுதான் ஒசத்தி, 'டைப் 1'. முதிர்ந்த ஓலையில இருந்து வர்றது பழுப்பு. பிரீமியம் டப்பாக்காரங்க 'நாங்க குருத்து மெழுகுதான் போடறோம்'னு பெருமை அடிச்சுக்கறது இதனாலதான்.

சரி, இதுக்கு ஏன் இவ்வளவு மவுசு? இயற்கையா கிடைக்கிற மெழுகுகள்லயே கெட்டியானது இதுதான். தேன் மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். கார்னாபா உருக 82 முதல் 86 டிகிரி வேணும்.

இன்னொரு மேட்டர் தெரியுமா? நீங்க இதை ஏற்கெனவே சாப்பிட்டிருக்கீங்க! கலர் கலரா பளபளக்கிற மிட்டாய், சூயிங் கம், மாத்திரை இதுக்கெல்லாம் மேல பாலிஷ் இதுதான். கவர்ல '903'னு ஒரு நம்பர் இருக்கானு பாருங்க. லிப்ஸ்டிக், ஷூ பாலிஷ்லகூட உண்டு. உதட்டுல இருந்து ஷூ வரைக்கும் ஒரே மெழுகு!

மெழுகைத் தேடிப் பறந்த அப்பா

1935-ல அமெரிக்காவுல தரைக்கு மெழுகு விக்கிற கம்பெனி முதலாளி ஹெச்.எஃப்.ஜான்சன், இந்த மரத்தை நேர்ல பார்த்தே ஆகணும்னு முடிவு பண்ணினார். தண்ணியிலயும் தரையிலயும் இறங்குற சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்துல, விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகர்ல இருந்து பிரேசிலோட ஃபோர்ட்டலேசா வரைக்கும் போனார். போய்ட்டு வர ரெண்டு மாசம். அப்போ அவர் பையன் சாமுக்கு 7 வயசு.

அந்தப் பையன் பெரியவனாகி, அப்பாவோட கம்பெனியை நடத்தி, ரிட்டயர்டு வயசைத் தாண்டி... 1998-ல தன்னோட 70-வது வயசுல, அதே மாடல் விமானத்தைப் புதுசா செய்ய வெச்சு, தன் மகன்களோட அதே வழியில பிரேசிலுக்குப் பறந்தார். அப்பா போன பாதையை ஒரு தடவை பார்த்துடணும்னு!

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க வாசல் கருநீலக் கார்தான் ஞாபகம் வந்துச்சு.

டப்பா சொல்லாத உண்மைகள்

உண்மை 1: '100 சதவீதம் கார்னாபா'ன்னு போட்டிருந்தா, டப்பா முழுக்க கார்னாபான்னு அர்த்தம் இல்லை. சுத்தமான கார்னாபா செங்கல் மாதிரி இருக்கும். அதை காரு மேல தேய்ச்சா பெயின்ட் காலி! எண்ணெய், வேற மெழுகு, கரைப்பான் எல்லாம் கலந்தாதான் பூச முடியும். 'நாங்க போட்ட கார்னாபா சுத்தமானது'ங்கிறதைத்தான் 100 சதவீதம்னு சாமர்த்தியமா எழுதறாங்க.

உண்மை 2: வாக்ஸ் கீறலைப் போக்காது. காரோட பெயின்ட்ல கடைசி லேயர் 'கிளியர் கோட்'. கலரே இல்லாத கண்ணாடி மாதிரி. சுமார் 40, 50 மைக்ரான்தான் கனம். உங்க தலைமுடியைவிட மெல்லிசு! கீறல் விழறது அதுலதான். கீறல் போகணும்னா பாலிஷ் போட்டு அந்த லேயரைக் கொஞ்சம் இழைக்கணும். இழைச்சது திரும்ப வராது. வாக்ஸ்ல இருக்கிற எண்ணெய் சின்னக் கீறலைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான்.

அப்ப வாக்ஸ் எதுக்கு? அடி வாங்கிக்க! காக்கா எச்சம், மரத்துப் பிசின், வெயில், உப்புக் காத்து எல்லாம் முதல்ல வாக்ஸ் மேல விழும். பெயின்ட்டுக்குப் பதிலா அது தேயும், அது கரையும். ஓலைக்குப் பண்ணின அதே வேலையை காருக்கும் பண்ணுது. தேஞ்சு போறதுதான் அதோட வேலையே. அதனாலதான் திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருக்கு.

உண்மை 3: பளபளப்புல பெரும்பங்கு, டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போற விஷயம். கழுவுறதுலதான் எல்லாம் இருக்கு!

பூசலாம் வாங்க!

நிழல்: காலை 7 மணி பெஸ்ட். பானட் மேல புறங்கையை வெச்சுப் பாருங்க. சூடு தெரிஞ்சா வாக்ஸ் பக்கமே போகாதீங்க.

குளியல்: ரெண்டு பக்கெட். ஒண்ணுல கார் ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. முதல்ல பைப்ல தண்ணி அடிச்சு மண்ணை இறக்குங்க. அப்புறம் துணியை ஷாம்புல முக்கி, மேல இருந்து கீழ. ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் திரும்ப ஷாம்புல முக்கணும். பாத்திரம் தேய்க்கிற லிக்விட் கூடாது, இருக்கிற வாக்ஸையும் உரிச்சுடும். போர்வெல் தண்ணியா? காய விடாம உடனே ஒத்தி எடுங்க. இல்லைன்னா உப்புப் புள்ளி வெள்ளை வெள்ளையா நிக்கும்.

கவர் டெஸ்ட்: கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டு, கழுவிக் காஞ்ச பானட் மேல லேசா தடவுங்க. சொரசொரன்னு இருக்கா? கண்ணுக்குத் தெரியாத அழுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. கடையில 'கிளே பார்'னு களிமண் கட்டி மாதிரி கிடைக்கும். அதுக்குன்னு இருக்கிற ஸ்ப்ரேயை அடிச்சு ஈரத்தோட மெதுவா வழுக்கி விட்டா, வழவழன்னு ஆயிடும். கீழ விழுந்த கட்டியைத் திரும்ப யூஸ் பண்ணக் கூடாது. மண்ணோட தேய்ச்ச கதையாயிடும், என்னை மாதிரி!

பூசறது: ஸ்பாஞ்ச்ல துளியூண்டு வாக்ஸ். ஒரு நேரத்துல ஒரு கதவு, இல்ல பாதி பானட். எவ்வளவு மெல்லிசா பூசணும்? 'பூசினோமா இல்லையா'ன்னு உங்களுக்கே சந்தேகம் வரணும். அந்த அளவு! பெயின்ட்டோட ஒட்டி நிக்கப் போறது மெல்லிய படலம் மட்டும்தான். மிச்சம் எல்லாம் துணியோட வர்ற வேஸ்ட். காசும் வேஸ்ட், கையும் வலி.

காத்திருப்பு: லேசா பனி படிஞ்ச மாதிரி மங்கலாகும். ஓரத்துல விரலால ஒரு கோடு இழுங்க. இழுத்த இடம் பளிச்னு இருந்தா துடைக்கலாம். மசமசன்னு ஈஷினா இன்னும் கொஞ்சம் பொறுங்க. ஈரக் காத்து அடிக்கிற ஊர்ல கூட நேரம் ஆகும்.

துடைப்பு: மைக்ரோஃபைபர் துணியை நாலா மடிச்சு, அழுத்தாம துடைங்க. ஒரு பக்கம் அழுக்கானா திருப்பிக்கோங்க. சரியா பூசியிருந்தா வெண்ணெய் மாதிரி வரும். மல்லுக்கட்ட வேண்டியிருந்தா, அதிகமா அப்பிட்டீங்கன்னு அர்த்தம்.

ஐயோ... வேணாம்!

* கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் ஓரத்துல வாக்ஸ் பட்டா வெள்ளைத் திட்டு நிக்கும். முன்னாடியே டேப் ஒட்டிடுங்க.
* பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் வண்டிக்கு சாதா வாக்ஸ் போடவே கூடாது.
* புதுசா பெயின்ட் அடிச்ச வண்டியா? பெயின்ட்டர் சொல்ற வரைக்கும் வாக்ஸுக்கு லீவு.
* தூசி துடைக்கிற துணி, வாக்ஸ் துணி, டயர் துணி எல்லாம் தனித்தனி. மைக்ரோஃபைபரைத் துவைக்கிறப்ப வாசனைக்கு ஊத்துற கண்டிஷனர் வேணாம்.
* காக்கா எச்சத்தைக் காஞ்சபடியே சுரண்டாதீங்க. ஈரத் துணியைப் போட்டு ஊற விட்டு எடுங்க. வாக்ஸ் இருந்தாலும் நாள்கணக்கா விட்டு வெச்சா பெயின்ட்டை அரிச்சுடும்.

பிரீமியம் வேணுமா, வேணாமா?

இப்ப சிந்தெடிக் சீலன்ட், செராமிக் கோட்டிங்னு நிறைய வந்தாச்சு. உழைப்புல கார்னாபா அவங்களோட போட்டி போட முடியாது. நல்ல செராமிக் வருஷக்கணக்குல நிக்கும். கார்னாபா வெயில்ல நிக்கிற வண்டிக்கு ஒரு மாசம், ரெண்டு மாசம்தான். டப்பா மேல என்ன எழுதியிருந்தாலும் சரி!

ஆனா செராமிக்ல தப்பு பண்ணினா சரி பண்ண பாலிஷ் மெஷின் வேணும். வாக்ஸ்ல தப்பு பண்ணினா அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம். கத்துக்கிறவங்களுக்கு இதுதான் தோஸ்த். கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு வண்டியில கார்னாபா குடுக்கிற ஆழமான மினுமினுப்புக்கு ரசிகர் மன்றமே இருக்கு. வெள்ளை, சில்வர் காரா? விலை கூடின டப்பாவுக்கும் குறைஞ்ச டப்பாவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். கையில 1,000 ரூபாய் இருந்தா முதல்ல நல்ல துணியும், ரெண்டு பக்கெட்டும், ஷாம்பும் வாங்குங்க. மிச்சத்துல சுமாரான ஒரு வாக்ஸ். பிரீமியம் டப்பா எங்கயும் ஓடிடாது!

ஒரு நிமிஷம் பாஸ்...

மெழுகு மினுமினுக்குது, சரி. அதை எடுத்தவங்க?

2017-ல ஜெர்மனியோட ஏ.ஆர்.டி. டி.வி. ஒரு டாக்குமென்டரி ஒளிபரப்பிச்சு. கார்னாபா தோட்டங்கள்ல ஆளுங்க வெட்ட வெளியில தூங்கி, கழிவறைகூட இல்லாம, ஆத்துத் தண்ணியை வடிகட்டாமக் குடிச்சு வேலை செய்யறதைக் காட்டிச்சு. பிரேசில் அரசு அதிகாரிகளே பல தடவை சோதனைக்குப் போய், 'அடிமைத்தனத்துக்குச் சமமான நிலை'ன்னு அந்த நாட்டுச் சட்டம் சொல்ற நிலையில இருந்து தொழிலாளிகளை மீட்டிருக்காங்க. 1888-லயே அடிமை முறையை ஒழிச்ச நாடு அது! முள்ளு ஓலை, பொடி பறக்கிற மெஷின், நாள் பூரா வெயில்... பனை ஏறுறவங்களைப் பக்கத்துல பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2018-ல பொறுப்பான கார்னாபாவுக்காகன்னே ஒரு கூட்டு முயற்சி ஆரம்பிச்சாங்க. மெழுகு வாங்குற கம்பெனிகளும் அதுல சேர்ந்தாங்க.

அதுக்காக வாக்ஸே வேணாம்னு சொல்லலை. அந்த மரத்தை நம்பித்தான் அங்க பல குடும்பங்களோட வறட்சிக் காலம் ஓடுது. துளியூண்டு எடுத்தா போதும்னு சொன்னேன் இல்லையா... அந்தத் துளிக்குப் பின்னால ஒரு ஆளு நிக்கறார்னு ஞாபகம் இருந்தா, அள்ளி அப்ப மனசு வராது.

அப்புறம் என்ன ஆச்சு?

புதுப்பேட்டை அண்ணன் பாலிஷ் போட்டு முக்கால்வாசிக் கீறலை எடுத்துட்டார். 'மீதியை எடுத்தா கிளியர் கோட்டே மிஞ்சாது தம்பி, விட்ரு'ன்னார். இன்னிக்கும் டிரைவர் பக்கத்துக் கதவுல, குறிப்பிட்ட கோணத்துல வெளிச்சம் விழுந்தா அந்த வட்டங்கள் தெரியும். அது என் கையெழுத்து!

மறு மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலை 7 மணிக்கு ரெண்டு பக்கெட்டோட வாசல்ல இறங்கினேன். அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு வந்து நின்னார். கொஞ்ச நேரம் பார்த்தார். 'அந்தத் துணியை இங்க குடு'ன்னு வாங்கி, மறு பக்கத்துக் கதவுல ஆரம்பிச்சார். அழுத்தாம, மெதுவா, என்னைவிட ஆயிரம் மடங்கு அழகா!

அன்னிக்கு சாயங்காலம் மழை. ஜன்னல் வழியா பார்த்துட்டு, சமையல்கட்டுல இருந்த அம்மாவைக் கூப்பிட்டார் அப்பா. 'இங்க வந்து பாரேன், எப்படி முத்து முத்தா நிக்குது!'

தங்க மூடி டப்பா இன்னும் பாதி மீதம் இருக்கு.